டியூக் தடுமாறலாம், உடுப்பு தடுமாறக் கூடாது

மேடையும் திரையும்: வாசகர் கேள்வி-பதில்

போன இதழில் 1934-ல் வெளியான 'தி அஃபேர்ஸ் ஆஃப் செல்லினி' என்ற ஹாலிவுட் படத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தோம். பதினாறாம் நூற்றாண்டு இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்து அரண்மனை. வாள்வீச்சிலும் காதலிலும் கைதேர்ந்த பொற்கொல்லன் செல்லினி, நிஜத்தில் வாழ்ந்த ஆள்தான். அவனுடைய மாடல் பெண் மேல் நகரை ஆளும் டியூக்குக்குக் கண், அவன் மேலேயே டியூக்கின் மனைவிக்குக் கண். இந்த நாலு பேர் ஒருவருக்கொருவர் ஒளிந்து விளையாடுவதுதான் கதை. அந்த நாலு வரிக்கு நீலகிரியிலிருந்தும் கொடைக்கானலிலிருந்தும் கட்டுக் கட்டாகக் கடிதம் வந்திருக்கிறது. பாதிப் பேர் ஆண்டு விழாவுக்கு இதே சாயலில் நாடகம் போடப் போகிறார்களாம். அதனால் இந்த மாதம் அரசியல் கேள்விகளுக்கு விடுமுறை.

படத்தின் நாயகன் ஃப்ரெட்ரிக் மார்ச். ஆனால் ஆஸ்கர் பரிந்துரை டியூக்காக நடித்த ஃப்ராங்க் மார்கனுக்குப் போனது எப்படி? — ஊட்டி வாசகர்

துணை நடிகருக்கென்று தனிப் பரிசு 1936-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. அதற்கு முன்னால் எல்லோரும் ஒரே பந்தியில் உட்கார வேண்டியதுதான். 1934-ம் ஆண்டுப் படங்களுக்கான சிறந்த நடிகர் போட்டியில் இருந்தவர்கள் கிளார்க் கேபிள், வில்லியம் பவல், மார்கன் ஆகிய மூவர். பரிசு கேபிளுக்கு. மார்கனுக்கு ஒரு சாதகம் இருந்தது. இந்தப் படத்துக்கு மூலம் எட்வின் ஜஸ்டஸ் மேயர் எழுதிய 'தி ஃபயர்பிராண்ட்' நாடகம். 1924-ல் பிராட்வேயில் அது ஏறியபோதும் டியூக் வேஷம் மார்கனுக்குத்தான். எந்த இடத்தில் சிரிப்பு வரும், எங்கே வராது என்பதைப் பார்வையாளர்களே அவருக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். செல்லினி படத்துக்கு ஐந்து வருடம் கழித்து 'தி விசார்ட் ஆஃப் ஆஸ்' படத்தில் மந்திரவாதியாக வந்தவரும் இவரேதான். அங்கேயும் வெளியே உறுமல், உள்ளே நடுக்கம்.

கல்லூரி நாடகத்தில் அந்த டியூக் மாதிரி ஒரு வேஷம் எனக்கு. திக்கித் திக்கிப் பேசுகிறேன், யாரும் சிரிக்கவில்லை. என்ன தப்பு? — குன்னூர் மாணவர்

திக்குவதுதான் தப்பு, தம்பி. டியூக்குக்கு நாக்கில் எந்தக் கோளாறும் இல்லை. அவருடைய அதிகாரம்தான் பாதி வழியில் கழன்று விழுகிறது. ஆகவே ஒவ்வொரு வாக்கியத்தையும் நிமிர்ந்த முதுகோடு, முழுக்குரலில் தொடங்குங்கள். நடுவில் ஒன்றைப் பாருங்கள். முடிவை மாற்றுங்கள். இந்த மூன்று படியும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். இதை வைத்துப் பயிற்சி செய்யலாம்:

டியூக்: இந்தச் செல்லினியை இப்போதே, இந்த இடத்திலேயே, தூக்கி... (மனைவி உள்ளே வருகிறாள்) ...வைத்துக் கொண்டாட வேண்டாமா நாம்!

வார்த்தையை 'தூக்கி' என்பதில் நிறுத்துவதில்தான் சூட்சுமம். 'தூக்கில்' என்று ஒற்றெழுத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் திரும்பி வர வழி கிடையாது. நிறுத்தம் மனசுக்குள் 'ஒன்று, இரண்டு' எண்ணும் நேரம். மூன்று எண்ணினால் கடைசி வரிசைக்காரர் உங்களுக்கு முன்னால் முடித்துவிடுவார், ஒன்றோடு விட்டால் மாறியதே தெரியாது.

கண்ணைக் கவனியுங்கள். மனைவி வரும் வாசலை முன்கூட்டியே பார்ப்பது, ஒத்திகை அதிகமாகிப் போனவர்கள் செய்யும் தவறு. சபையைப் பார்த்துச் சிரிப்பை யாசிப்பது அதைவிட மோசம். கையைக் கட்டுப்படுத்த ஒரு பொருள் வேண்டும், கோப்பை போதும். உத்தரவு போடும்போது கோப்பை உயரே, மனைவியைக் கண்டதும் அது மெல்ல இடுப்புக்கு இறங்கட்டும். மற்ற நடிகர்கள் யாரும் சிரிக்கக் கூடாது. டியூக் உண்மையிலேயே தூக்கில் போட்டுவிடுவார் என்று அந்தச் சபையில் நிற்பவர்கள் நம்பினால்தான் பார்ப்பவருக்குச் சிரிப்பு. பயம் போய்விட்டால் டியூக் வெறும் கோமாளி, நாடகம் அங்கேயே முடிந்தது.

தமிழில் இன்னொரு வசதியும் உண்டு. தர்பாரில் செந்தமிழ் பேசும் டியூக், மனைவியிடம் மாட்டிக்கொள்ளும்போது மட்டும் "ஏனுங்க, அது வந்துங்க" என்று கோயமுத்தூர்ப் பேச்சில் இறங்கட்டும். மலையில் உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. ஆனால் நாடகம் முழுக்க இரண்டே தடவை. மூன்றாவது தடவை அது வித்தை ஆகிவிடும்.

இம்சை அரசன் 23-ம் புலிகேசியும் இந்த டியூக்கும் ஒன்றா? — கேத்தி வாசகர்

பங்காளிகள். புலிகேசிக்குத் தன் முட்டாள்தனம் தெரியாது. இந்த டியூக்குக்குத் தன்னுடையது நன்றாகத் தெரியும், அதை மறைக்கத்தான் பாடுபடுகிறார். வடிவேலுவை அப்படியே பிரதி எடுத்து இந்த வேஷத்தில் போட்டால் உட்காராது.

எட்டு ஆண், ஐந்து பெண் பாத்திரங்களுக்கு உடுப்பு தைக்க வேண்டும். கழுத்தைச் சுற்றித் தட்டு மாதிரி வெள்ளை மடிப்புக் காலர் எல்லோருக்கும் வேண்டுமா? அளவும் சொல்லுங்கள். — கோத்தகிரி வாசகி, தையற்கலைஞர்

அந்தத் தட்டுக் காலரை முதலில் மறந்துவிடுங்கள், அம்மா. அது எலிசபெத் ராணி காலத்து இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்த சமாசாரம். நம் கதை நடப்பது 1530-களின் ஃப்ளாரன்ஸில். அங்கே சட்டைக் கழுத்தில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத சின்னச் சுருக்கம்தான். வேலையும் மிச்சம். அசல் டியூக் அலெஸ்ஸாண்ட்ரோவை ஓவியர் பொன்டோர்மோ வரைந்த படம் ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. முழுக்கக் கறுப்பு உடுப்பு, கழுத்தில் துளி வெள்ளை, கையில் ஒரு பெண்ணின் முகத்தை வரைந்துகொண்டிருக்கிறார். உங்கள் டியூக்குக்கு அந்த ஒரு படம் போதும். பெண்களுக்கு, அடுத்த டியூக் கோஸிமோவின் மனைவி எலியனோராவை ஓவியர் ப்ரான்ஸினோ 1545 வாக்கில் வரைந்த ஓவியம். சதுரக் கழுத்து, தட்டையான விறைப்பு மார்பு, தோளில் கட்டிய தனிக் கைகள்.

சராசரி ஆளுக்கு இடுப்பளவு மேற்சட்டைக்கு 54 அங்குல அகலத் திரைச்சீலை வெல்வெட் 2 மீட்டர், உள்துணிக்குக் காடா 2 மீட்டர், சட்டைக் கையில் வெட்டிவிடும் பிளவுகள் வழியே பிதுங்குவதற்கு வெள்ளை வாயில் துணி ஒன்றரை மீட்டர். பெண் உடுப்புக்கு வெல்வெட்டோ கனமான சாட்டினோ 5 மீட்டர்; அதில் நாலு மீட்டர் பாவாடைக்கே போய்விடும்.

வெல்வெட்டை வெட்டும் முன் கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் தடவினால் வழுக்கும், எதிர்ப்பக்கம் தடவினால் முரண்டு பிடிக்கும். எல்லாத் துண்டும் ஒரே திசையில் வெட்டப்பட வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒரு கையைத் தலைகீழாகப் போட்டால், கடையில் ஒரே நிறமாகத் தெரிந்தது மேடை விளக்கில் இரண்டு நிறமாக நிற்கும். தைத்த பிறகு இதற்கு மருந்து கிடையாது.

கைப்பிளவுகள் ஒவ்வொன்றும் 5 சென்டிமீட்டர் நீளம், இடைவெளி 4. இடைவெளி குறைந்தால் போட்டுக் கழற்றும்போது பிளவும் பிளவும் சேர்ந்து கிழியும். பிளவு வரும் கோட்டில் துணியின் பின்பக்கம் நீர் கலந்த ஃபெவிகாலை மெல்லிய பிரஷ்ஷால் இழுத்து, முழுக்கக் காய்ந்த பிறகே வெட்டுங்கள். கீழே சமவெளியில் அரை நாள் போதும். பனிமூட்ட நாளில் கோத்தகிரியில் இரண்டு நாள் விடுங்கள். ஈரத்தோடு வெட்டினால் நூல் பிரிந்து, அரண்மனை ஆள் பழந்துணி வியாபாரி மாதிரி ஆகிவிடுவார்.

பெண்களின் மார்புப் பகுதிக்கு இரண்டு அடுக்கு கேன்வாஸ். நடுவில் எலக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் அகலக் கேபிள் டையை நீளவாக்கில் செருகித் தையுங்கள். நுனியை வெட்டி, நெருப்பில் காட்டி மழுக்கி, டேப் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாம் காட்சியில் அது துணியைக் குத்திக்கொண்டு வெளியே வரும். முதுகில் ஜிப் வேண்டாம். கண்ணி வைத்துக் கயிறு கோத்தால் ஒரே உடுப்பை இளைத்தவரும் போடலாம், பருத்தவரும் போடலாம்.

அக்கால ஓவியங்களில் ஆண் உடுப்பின் முன்பக்கம் ஒரு பை துருத்திக்கொண்டு நிற்பதையும் பார்ப்பீர்கள். பள்ளி மேடைக்கு முழங்கால் வரை வரும் மேலங்கியைப் போட்டு மூடிவிடுங்கள். சரித்திரத்துக்கும் பங்கமில்லை, தலைமையாசிரியருக்கும் நிம்மதி.

ஒரு நல்ல செய்தி: சென்னையில் இந்த உடுப்பைப் போட்டால் நடிகர் மயங்கி விழுவார். உங்கள் ஊரில் டிசம்பர் மாலையில் கழற்றவே மாட்டார்.

உடுப்பில் தோடர் எம்பிராய்டரி வைத்தால் அழகாக இருக்குமே? — ஊட்டி வாசகி

அழகாக இருக்கும், ஆனால் வேண்டாம். வெள்ளைப் பருத்தியில் சிவப்பும் கறுப்பும் நூல் எண்ணிப் போடும் அந்த வேலை 2013 முதல் புவிசார் குறியீடு பெற்றது. அந்த வேலை போட்ட புத்துக்குளிப் போர்வை, தோடர்கள் இறந்தவரைப் போர்த்தவும் பயன்படுத்தும் துணி. கேலி நாடகத்தில் அதை வெட்டித் தைக்க மனசு வராது. ஃப்ளாரன்ஸுக்குச் சரிகை போதும்.

போன வருடத்து வெல்வெட் உடுப்புகளை பீரோவில் வைத்திருந்தோம். எடுத்துப் பார்த்தால் சாம்பல் பூத்த மாதிரி பூஞ்சணம். காப்பாற்ற முடியுமா? — கூடலூர் ஆசிரியை

பிளாஸ்டிக் உறையில் கட்டி வைத்திருப்பீர்கள், நாலு நாப்தலீன் உருண்டையும் போட்டிருப்பீர்கள். உருண்டை பூச்சிக்குத்தான், பூஞ்சணம் அதை மதிக்காது. உறையோ உள்ளே இருந்த ஈரத்தை வெளியே விடாமல் பூட்டிவிட்டது.

வெயில் உள்ள நாளில் முற்றத்தில் வைத்து, மூக்கை மூடிக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் மயிர் படியும் திசையில் துலக்குங்கள். வீட்டுக்குள் துலக்கினால் அடுத்த பீரோவுக்கும் பரவும். பிறகு சமபங்கு நீர் கலந்த வினிகரில் வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். முதலில் உள்மடிப்பில் ஒற்றிச் சாயம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். உட்புறம் வெளியே தெரியுமாறு திருப்பி இரண்டு மணி நேரம் வெயில். நசுங்கிய இடத்தை இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் பளபளவென்று ஒரு தழும்பு விழும், அது போகாது. கொதிக்கும் கெட்டிலின் ஆவியில் ஒரு சாண் தள்ளிக் காட்டினால் மயிர் தானாக எழும்.

இனி பருத்தி உறையில் தொங்கவிடுங்கள். உங்கள் பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பீரோவின் அடித்தட்டில் 40 வாட் குண்டு பல்பு ஒன்று எரியட்டும். அதற்குக் கம்பிவலைக் கூண்டும், துணியிலிருந்து ஓரடி தூரமும் அவசியம். எல்இடி பல்பு போட்டுவிட்டு "எரியத்தானே செய்கிறது" என்று இருந்துவிடாதீர்கள். பூஞ்சணத்தை விரட்டுவது வெளிச்சம் அல்ல, சூடு.

இதே பாணியில் கறுப்பு வெள்ளைக் குறும்படம் எடுக்கிறோம். சிவப்பு, பச்சை உடுப்பெல்லாம் ஒரே சாம்பலாக வருகிறதே? — இந்துநகர் வாசகர்

கறுப்பு வெள்ளைப் பிலிம் தயாரித்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் இருந்த ஊர்க்காரரிடமிருந்து இந்தக் கேள்வி! கறுப்பு வெள்ளையில் நிறம் கிடையாது, ஒளியின் அடர்த்திதான் உண்டு. சமமான அடர்த்தி உள்ள சிவப்பும் பச்சையும் அங்கே இரட்டைப் பிள்ளைகள். துணி வாங்கும்போதே போன் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிவைத்து, துணிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேறுபாட்டை நிறத்தில் தேடாமல் துணியின் மேற்பரப்பில் தேடுங்கள். வெல்வெட் ஒளியை விழுங்கும், சாட்டின் திருப்பி அடிக்கும், சரிகை துண்டு துண்டாக மின்னும். டியூக்கின் மனைவிக்குச் சாட்டின், டியூக்குக்கு வெல்வெட் என்று பிரித்தாலே சட்டகம் உயிர் பெறும். செல்லினி படத்தின் ஒளிப்பதிவாளர் சார்லஸ் ரோஷர் இதற்காக ஆஸ்கர் பரிந்துரை பெற்றவர். ரிச்சர்ட் டேயின் அரங்க அமைப்புக்கும் பரிந்துரை கிடைத்தது.

தூய வெள்ளைச் சட்டை முகத்தைவிட அதிகமாக எரிந்து கண்ணை இழுக்கும். அதைத் தேநீரில் முக்குவது பழைய ஸ்டுடியோ வழக்கம். உங்கள் ஊரில் அதற்கா பஞ்சம்? 3 லிட்டர் தண்ணீரில் 50 கிராம் டஸ்ட் டீ, ஒரு கைப்பிடி உப்பு. கொதிக்கவைத்து, நன்றாக வடிகட்டி, துணியை முன்பே நனைத்துவிட்டு 20 நிமிடம் புரட்டிக்கொண்டே ஊறவிடுங்கள். வடிகட்டாமல் விட்டால் தூள் ஒட்டிய இடமெல்லாம் புள்ளி. உலர்ந்த துணியைப் போட்டால் திட்டுத் திட்டு.

செல்லினியின் தங்க உப்புக் கிண்ணத்தைக் காகிதக் கூழில் செய்தோம். ஒரு வாரமாகியும் காயவில்லை, நாற்றம் வேறு. — கொடைக்கானல் மாணவர்கள்

ஒரே மூச்சில் கனமாகப் பூசிவிட்டு, கணப்புப் பக்கத்திலும் வைத்திருப்பீர்கள். மேல்தோல் காய்ந்து மூடிக்கொள்ள, உள்ளே மைதா புளிக்கிறது. அதைத் தூக்கிப் போடுங்கள்.

250 கிராம் மைதாவைக் கால் லிட்டர் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு லிட்டர் கொதிநீரில் ஊற்றிக் கிளறுங்கள். மலையில் தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும் என்றாலும் மைதா இறுக அது தாராளம். ஆறியதும் அரை டீஸ்பூன் மயில்துத்தம். சினிமா போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பசையில் போடுவது இதைத்தான். இதற்கு இரும்புப் பாத்திரம் ஆகாது. துத்தத்தில் உள்ள செம்பு இரும்பில் போய்ப் படிந்துவிடும். பிளாஸ்டிக் வாளி நல்லது. மயில்துத்தம் விஷம், சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது, கையுறை கட்டாயம். செய்தித்தாளை இரண்டு விரல் அகலத்தில் கிழித்து ஒரு நாளைக்கு இரண்டு அடுக்கு மட்டும் ஒட்டி, மின்விசிறிக் காற்றில் காயவிடுங்கள். ஆறு அடுக்கு போதும்.

அசல் கிண்ணம் வியன்னா அருங்காட்சியகத்தில் உள்ளது. 2003-ல் திருடுபோய் 2006-ல் மீண்டது. கடல் தேவனும் பூமி தேவியும் எதிரெதிரே சாய்ந்திருக்க, உப்புக்கு ஒரு படகு, மிளகுக்கு ஒரு சிறு கோயில். உயரம் 26 சென்டிமீட்டர்தான், கடைசி வரிசைக்குத் தெரியாது. 40-ஆகச் செய்யுங்கள். தங்க வண்ணத்துக்கு அடியில் காவிச் சிவப்பு பூசினால் தேய்ந்த இடமும் கதகதப்பாகத் தெரியும். பள்ளங்களில் நீர்த்த பழுப்பு ஓடவிடுங்கள். மேலே வெள்ளை எல்இடி அடித்தால் தங்கம் பச்சை பாய்ந்து பித்தளை ஆகிவிடும், மஞ்சள் விளக்குதான் போட வேண்டும்.

வீட்டுத் தட்டுகளை உருக்கிச் செல்லினி சிலை வார்த்தது கட்டுக்கதையா? படத்தின் டியூக் மனைவி நிஜமா? — அருவங்காடு வாசகர்

தட்டுக் கதையைச் சொல்வது செல்லினியே. 1558-ல் தொடங்கிய தன் சுயசரிதையில். சுயபுராணத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்றாலும் உலோகக் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. கிரேக்கப் புராண வீரன் பெர்சியஸின் சிலையை வார்க்கும் நாளில் பட்டறைக் கூரை தீப்பிடித்தது, தோட்டத்துப் பக்கமிருந்து மழையும் காற்றும் அடித்து உலை குளிர்ந்தது, உருகிய வெண்கலம் பாகு இறுகிய மாதிரி கட்டிக்கொண்டது. காய்ந்த ஓக் விறகைப் போட்டுச் சூட்டை ஏற்றினார். பிறகு வீட்டிலிருந்த ஏறத்தாழ 200 வெள்ளீயத் தட்டு, கிண்ணங்களை உள்ளே போட்டார். செம்பு உருக 1085 டிகிரி வேண்டும், வெள்ளீயத்துக்கு 232 போதும். வெள்ளீயம் கூடக் கூடக் கலவை குறைந்த சூட்டிலேயே இளகி ஓடும். அச்சின் மூலை முடுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது அதனால்தான். கால் விரல்கள் மட்டும் சரியாக வரவில்லை. சுவாமிமலை ஸ்தபதிகள் மெழுகில் குங்கிலியம் கலந்து உருவம் பிடித்து, வண்டல் மண் பூசி, கனமாக வார்ப்பார்கள். செல்லினியினுடையது உள்ளே மண்கரு வைத்த கூடு வார்ப்பு. மெழுகு உருகி இடம் விடுகிற தத்துவம் இரண்டுக்கும் ஒன்றே.

அந்தச் சிலை 1554-ல் திறக்கப்பட்டது, அடுத்த டியூக் கோஸிமோவுக்காக. அலெஸ்ஸாண்ட்ரோ 1537-லேயே உறவினன் கையால் கொலையுண்டார். செல்லினி அவருக்கு வெட்டிக் கொடுத்தது நாணய அச்சு. 1536-ல் மணம் முடித்த அவர் மனைவி மார்கரெட்டுக்கு அப்போது 14 வயதுகூட நிரம்பவில்லை. கான்ஸ்டன்ஸ் பென்னட் நடித்த அந்தச் சாகசக்காரி முழுக்க நாடகாசிரியரின் கைச்சரக்கு.

மூல நாடகத்தைத் தமிழாக்கி மேடையேற்றினால் வழக்கு வருமா? பெயர்களையும் தமிழாக்கலாமா? — வெலிங்டன் வாசகர்

மேயர் 1960-ல் காலமானார். இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும், ஆக 2021 தொடக்கத்தோடு இங்கே அது பொதுச்சொத்து. வேறொருவர் செய்த மொழிபெயர்ப்பை எடுத்தால் அவரிடம் அனுமதி வேண்டும்.

பெயரில் இரண்டு வழியும் உண்டு. பம்மல் சம்பந்த முதலியார் ஹாம்லெட்டை 'அமலாதித்யன்' ஆக்கினார், நன்றாகவே நின்றது. எங்கள் விருப்பம்: பெயரை விட்டுவிடுங்கள், கூத்திலிருந்து கட்டியக்காரனைக் கொண்டுவாருங்கள். டியூக்கின் பட்டங்களை அவன் நீட்டி முழக்கி முடிக்கும் வேளையில் டியூக் கட்டிலுக்கு அடியிலிருந்து எழுந்து வரட்டும்.

வாள் சண்டைக்கு மர வாள் போதுமா? — ஊட்டி பள்ளி மாணவர்

போதாது, சிலாம்பு தெறிக்கும். 25 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் கனமுள்ள அலுமினியப் பட்டையை 90 சென்டிமீட்டர் நீளம் எடுத்து, நுனியை வட்டமாக அராவுங்கள். மோதும்போது விளிம்பில் பிசிறு எழும். ஒவ்வொரு ஒத்திகைக்குப் பிறகும் அரம் போட வேண்டும், விட்டால் அது ரம்பம். சண்டைக்கு எட்டு அசைவு போதும். பக்கத்தில் சிலம்பம் கற்றுத் தருபவர் இருந்தால் அடவு அமைக்க அவரைக் கூப்பிடுங்கள். குத்து எப்போதும் எதிராளியின் உடம்புக்கு ஒரு சாண் முன்னால் நிற்க வேண்டும், முகத்தை நோக்கி எதுவும் கூடாது. அடிக்கும் முன் இருவரும் கண்ணைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மழை நாளில் மேடைப் பலகை வியர்க்கும். திரை தூக்கும் முன் ஒருமுறை உலர்ந்த சாக்கால் துடைத்துவிடுங்கள்.